கத்தி ஓடும் வரை

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கைகளை மடித்துப் போட்டு, அதில் கன்னத்தைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து விழுந்தவள் அப்படியே கிடந்தாள். பக்கத்து மேசையில் பிளேடு என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் குனிந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீல் ஸ்கேலை ஒட்டிக் கத்தி இறங்கும்போது யாரோ நீளமாக மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் வரும். கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு டக். மறுபடியும் மூச்சு. மறுபடியும் டக்.

ஜன்னல் வரிசையிலிருந்து ஆந்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சத்தம் வராது. வருவதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பார்த்தாள். மின்விசிறிதான் கேட்டது.

என் இடத்தில் உட்கார்ந்து என் தூக்கத்தைத் தூங்குகிறாள் என்று நினைத்தாள். நினைத்த பிறகு அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அந்த நினைப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டடக்கலை இறுதி ஆண்டு ஸ்டூடியோ அது. நீளமான கூடம், உயரமான ஸ்டூல்கள், எங்கு பார்த்தாலும் அட்டைத் துண்டு, காய்ந்த பசை, யாரோ பாதி குடித்துவிட்டு மறந்துபோன டீ. இத்தனை வருடம் ஒன்றாகக் கிடந்ததில் அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. பிளேடு என்று கேட்டதும் பேசியே அறுக்கிறவள் போலிருக்கிறது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். அவளைப்போல் நேராகவும் சுத்தமாகவும் அட்டை வெட்ட அந்தத் துறையில் ஆள் கிடையாது, அதனால் வந்த பெயர். ஆந்தைக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைப் பார்த்தாலே தெரியும்.

விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். தூக்கம் வாசல்வரை வந்துவிட்டது என்று தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்ட ஒரு வேலையோ, யாரோ என்றோ சொன்ன ஒரு வார்த்தையோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தூக்கம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அறைத்தோழி எதிர்க் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். அந்த மூச்சை எண்ண ஆரம்பித்தால் வெறுப்புத்தான் வரும்.

அதனாலேயே தூக்கத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. காலையில் மெஸ் வரிசையில் நின்று முகங்களைப் பார்த்தே யார் நன்றாகத் தூங்கினார்கள், யார் புரண்டார்கள், யார் அழுதுவிட்டுத் தூங்கினார்கள் என்று சொல்லிவிடுவாள். ஒருத்தி கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு கிடந்தால், புது நகையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் தூக்கம் என்பது எப்போதும் தம்பியின் சொத்து. அவன் உட்கார்ந்தால் தூங்குவான், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவான். "சத்தம் போடாதடி, தம்பி தூங்குறான்" என்பதைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். அம்மா சமையலறையில் தட்டுகளைப் பூப்போல அடுக்குவாள். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். அவளுக்காக யாரும் ஒரு தட்டை மெதுவாக வைத்ததில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அவள்தான் எப்போதும் விழித்திருந்தாளே.

இப்போதும் போனில் அதே கதைதான்.

"தூங்கினியாடி?"

"தூங்கினேன்மா."

"குரலே சொல்லுதே நீ தூங்கின லட்சணத்த. உன் தம்பியப் பாரு, நாளைக்குப் பரீட்சை வச்சுக்கிட்டு நேத்து சாயங்காலமே கொறட்டை."

"பாஸ் பண்ணிடுவானா?"

"அது வேற விஷயம்."

போன வருடம்தான் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. வழி என்று சொல்லும்படி அவள் ஒன்றும் தேடவில்லை. பிளேடின் பக்கத்து மேசை அவளுக்கு ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். கத்தி ஓடும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவசரம் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல், தன்பாட்டில். கண் விழித்தபோது கூடத்தில் வெயில் சாய்ந்து போயிருந்தது, அவள் கன்னத்தில் கைக்கடிகாரத்தின் தடம் பதிந்திருந்தது. பிளேடு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும். அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று ஆந்தைக்குப் பயம். பிளேடு எதைப் பற்றியும் பேசுகிறவள் இல்லை.

அந்த மத்தியானத் தூக்கத்தில்தான் அவள் போன வருடத்தைக் கடந்தாள். இரவில் தூங்காவிட்டாலும் நாளைக்கு மத்தியானம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் இரவும் கொஞ்சம் பரவாயில்லாமல் போயிற்று.

இந்த வருடம் ஆரம்பத்தில் மாணவர் நல ஆலோசகர் வந்தார். கருத்தரங்கக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தூக்கம் குறைந்தால் மனம் எப்படிக் கெடும், மனம் கெட்டால் தூக்கம் எப்படிக் குறையும் என்று படம் போட்டுக் காட்டினார். ஒரு வட்டம். அதைச் சுற்றி அம்புக்குறிகள். "இந்த வட்டத்துல எங்கயிருந்து வெளிய வர்றது மேடம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, கூடமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "உங்கள்ல யாரெல்லாம் நல்லா தூங்குறீங்க? கை தூக்குங்க பாக்கலாம்" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. ஆந்தை அன்று மத்தியானம்தான் பிளேடின் பக்கத்தில் ஆழமாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாள். உடம்பு லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னிடம் இருப்பது மற்றவர்களிடம் இல்லை என்று தோன்றியது. அந்தப் பெருமையில் கையைத் தூக்கிவிட்டாள்.

"டேய், ஆந்தையே கை தூக்கிருச்சுடா!" என்று யாரோ கத்த, ஒரே கைதட்டல். மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பிளேடு திரும்பிப் பார்த்தாள். சிரித்தாளா என்று ஆந்தைக்கு இப்போது ஞாபகமில்லை.

அந்தக் கூட்டத்தின் பயனாக நிர்வாகம் செய்தது ஒன்றே ஒன்று. மாணவர்களின் தூக்கத்தைக் காப்பாற்ற ஸ்டூடியோவை இருட்டும் முன்பே பூட்டச் சொன்னார்கள். அதன்பிறகு தினமும் சாயங்காலம் அட்டையால் செய்த கட்டட மாடல்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு எல்லோரும் விடுதிக்குப் போய், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார்கள்.

அடுத்த வாரம் மேசைகள் மாறின. ஸ்டூடியோ சார் புதுப் பட்டியலை ஒட்டினார். ஆந்தை ஜன்னல் வரிசைக்கு. பிளேடின் பக்கத்தில் அக்கா.

அக்கா அவர்களுக்கு ஒரு வருடம் மூத்தவள். இறுதி ஆண்டைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இப்போது திரும்ப வந்திருந்தாள். ஏன் போனாள் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. தூக்கமே இல்லாமல் இருந்தாளாம், ஜூரியில் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கே நிற்கிறோம் என்று மறந்துவிட்டாளாம், அப்பா வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாராம். ஜூரி என்றால் வெளியிலிருந்து வரும் கட்டடக்கலைஞர்கள் முன்னால் மாடலை வைத்துக்கொண்டு பதில் சொல்லும் நாள். அந்த நாளில் சரிந்தவள் என்பதால் எல்லோரும் அவளிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள்.

வந்த மறுநாளே அவள் தூங்கிவிட்டாள். பிளேடின் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு.

ஆந்தை அதை ஜன்னல் வரிசையிலிருந்து பார்த்தாள். தூங்காதவள் என்று பெயர் வாங்கியவள் எப்படித் தூங்கலாம்? எனக்குக் கிடைத்ததை ஒரே நாளில் எப்படிக் கண்டுபிடித்தாள்? ஜன்னல் மேசையில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வெளியே புல்வெட்டும் இயந்திரம், உள்ளே யாரோ ஒருவன் ரம்பத்தால் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். தானே ஒரு அட்டையை எடுத்து வெட்டிப் பார்த்தாள். தன்னைத் தானே தாலாட்டிக்கொள்ள முடியாது என்று தெரிந்தது.

அதன்பிறகு மத்தியானங்களும் போயின. இரவுக்குத் துணை இல்லாமல் போயிற்று. சின்ன விஷயத்துக்கெல்லாம் கண் கலங்கியது. பசை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மூடியைத் தேடி அழுதாள். அவளுடைய வடிவமைப்பில் சுவர்கள் தடித்துக்கொண்டே போயின.

அந்த வருடம் எல்லோருக்கும் ஒரே வேலை. ஒரு மலைச்சரிவு, அதன் மேற்கு ஓரமாக இறங்கும் ஓர் ஓடை, அந்த நிலத்தில் மாணவர்களுக்கு ஒரு விடுதி. ஆந்தையின் மாடலைச் சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது விடுதியாம்மா, இல்ல குளிர்பதனக் கிடங்கா? உள்ள இருக்கிறவனுக்கு விடிஞ்சதே தெரியாது போலிருக்கே."

"அதான் சார் வேணும்" என்றாள்.

சார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

பிளேடின் நிலம் வேறு மாதிரி வளர்ந்தது. சரிவை அடுக்கடுக்காகச் செய்ய வேண்டும். ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு வளைகோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சாம்பல்நிற அட்டை. கோட்டை டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, தாளை அட்டைமேல் ஒட்டி, கோட்டோடு வெட்ட வேண்டும். மற்றவர்கள் வெட்ட வெட்ட ஒட்டிக்கொண்டே போவார்கள். பிளேடு அப்படிச் செய்ய மாட்டாள். எல்லா அடுக்கையும் வெட்டி முடித்து, சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில்தான் பசையை எடுப்பாள். இப்போது தாளை அட்டையில் ஒட்டிக் கொடுக்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார அவளால் முடியவில்லை. பென்சில் கோடு கைபட்டு அழியக்கூடாது என்று, ஒவ்வொரு தாளையும் கோடு உள்பக்கம் போகும்படி பத்திரமாகக் கவிழ்த்து ஒட்டினாள். டிரேசிங் தாளில் எந்தப் பக்கம் வைத்தாலும் கோடு தெரியும். பிளேடு தெரிந்த கோட்டில் வெட்டினாள்.

கை கழுவப் போகும் வழியில் ஆந்தை அந்த அடுக்குகளைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று மட்டும் முதலில் தோன்றியது. திரும்பி வரும்போது நின்று பார்த்தாள். சரிவு அழகாக இருந்தது. ஓரங்கள் கண்ணாடிபோல் இருந்தன. ஆனால் ஓடை கிழக்கே இருந்தது.

நிலம் முழுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகப் புரண்டிருந்தது. எல்லா அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்தியதால், விடுதிக் கட்டடத்தைக் கொண்டுவந்து மேலே வைக்கும்வரை யாருக்கும் தெரியாது. பிளேடு அந்தக் கட்டடத்தைத் தனியாகச் செய்து விடுதி அறையில் வைத்திருந்தாள். ஜூரி அன்று காலையில்தான் கொண்டுவந்து வைப்பாள்.

இப்போது சொன்னால் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் திருப்பி வைத்தால் போதும், நிலம் சரியாகிவிடும். அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே நிறம். பசை போட்டுவிட்டால் திருப்ப முடியாது. முழுவதையும் முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

ஆந்தை வாயைத் திறந்தாள். அப்போது அக்கா தூக்கத்தில் தலையைத் திருப்பி மறு கன்னத்தை வைத்தாள். அந்தக் கன்னத்தில் கைமடிப்பின் கோடு சிவப்பாக, நீளமாக, ஆழமாக.

ஒட்டும் முன் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆந்தை தன் இடத்துக்குப் போனாள்.

மறுநாளும் அப்படித்தான் நினைத்தாள். ஜூரி நடப்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கட்டடம் நிலத்தில் உட்கார மறுக்கும். தாளை ஒட்டியது யார் என்று சார் கேட்பார். அக்கா எழுந்து நிற்பாள். மேசைகள் மறுபடி மாறும். இந்தப் படத்தில் பிளேடின் முகம் வரும் இடத்தை மட்டும் அவள் வேகமாக ஓட்டிவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவள் மெஸ்ஸிலிருந்து வந்தபோது பிளேடின் மேசைமேல் நிலம் ஒரே கட்டியாக இருந்தது. அதன்மேல் தடித்த புத்தகங்களைப் பாரமாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் பசை கசிந்து காய்ந்திருந்தது.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பிளேடு வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆந்தை பக்கத்தில் போய் நின்றாள். கத்திக்கு அடியில் வெறும் கழிவு அட்டை. மெல்லிய பட்டைகளாக ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. எதற்கும் உதவாத பட்டைகள்.

"என்னடி வெட்டுற? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"ஷ்ஷ்" என்றாள் பிளேடு. தலையை அக்கா பக்கம் அசைத்தாள்.

அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது. வீட்டுச் சமையலறை, அம்மாவின் விரல் உதட்டில், செருப்பைக் கையில் பிடித்த அப்பா எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள்.

"இவளுக்காகவா?" ஆந்தையின் குரல் அடங்கித்தான் வந்தது. "இவ தூங்கணும்னு குப்பைய வெட்டிட்டு உக்காந்திருக்கியா?"

"நிறுத்தினா முழிச்சுக்குவா."

"எனக்காக எப்பவாவது இப்படிச் செஞ்சிருக்கியா நீ?"

பிளேடு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. பிறகு கண்ணால் சுவர் அலமாரியின் உச்சியைக் காட்டினாள். அங்கே போன வருட மாடல்கள் தூசி படிந்து கிடந்தன. பிளேடு செய்த வாசகசாலை நடுவில் இருந்தது. நான்கு பக்கமும் மெல்லிய பட்டைகளால் ஆன திரை, அடர்த்தியாக, வெளிச்சத்தைச் சல்லடைபோல் உள்ளே விடுவது. 'ஏம்மா இத்தனை பட்டை?' என்று அப்போது ஜூரியில் கேட்டார்கள். பிளேடு தோளைக் குலுக்கினாள். முதல் மதிப்பெண் கொடுத்தார்கள்.

"அதெல்லாம் எப்ப வெட்டினேன்னு நினைச்ச?" என்றாள் பிளேடு. "வருஷம் பூரா தூங்கினியே. எனக்கு அவ்வளவு வேலையா இருந்துச்சு? வெட்டினத எங்கயாவது ஒட்டணுமே, ஒட்டினேன்."

ஆந்தை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு பட்டையும் ஒரு மூச்சு, ஒரு டக்.

"அப்புறம் ஏன்டி என்னை அந்தப் பக்கம் தள்ளின?"

"நான் எங்க தள்ளினேன்? நீதான் கை தூக்கின, நல்லா தூங்குறேன்னு. சரி, ஆந்தைக்குச் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். அக்கா வந்தா. பாவமா இருந்துச்சு. சார்கிட்ட நான்தான் கேட்டேன், அக்காவ என் பக்கத்துல போடுங்கன்னு."

இவ்வளவு நீளமாகப் பிளேடு பேசி யாரும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் களைத்துப்போனவள்போல் மறுபடி குனிந்துகொண்டாள். கத்தி ஓடியது. ஆந்தை நின்றுகொண்டே இருந்தாள். சொல்லாமல் போய்விடலாம். ஜன்னல் மேசை அங்கேதான் இருக்கிறது. நாளை மறுநாள் எல்லாம் தானாகவே நடக்கும்.

"பிளேடு" என்றாள். "ஓடை அந்தப் பக்கம் இருக்கு."

"எந்த ஓடை?"

"உன் ஓடை. கிழக்க இருக்கு. மேற்க இருக்கணும்."

கத்தி நின்றது.

பிளேடு புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். நிலத்தைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். மறுபடி நிலத்தைப் பார்த்தாள். விரலால் ஓடையைத் தொட்டு, அது இருந்திருக்க வேண்டிய ஓரத்துக்கு விரலை நகர்த்தினாள்.

சத்தம் நின்றதும் அக்கா விழித்துக்கொண்டாள். அது எப்படி இருக்கும் என்று ஆந்தைக்குத் தெரியும். கால் வைத்த படி இல்லாமல் போனதுபோல் இருக்கும்.

"என்னாச்சு?"

அக்காவே பார்த்துப் புரிந்துகொண்டாள். ஒட்டியதில் மிஞ்சிய ஒரு தாளை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள். அவள் முகத்திலிருந்து தூக்கம் வடிந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது.

"நான்தான் ஒட்டினேன். கவுத்து ஒட்டிட்டேன். பென்சில் அழியக்கூடாதுன்னு..." பையைத் தேடினாள். டேப்பையும் ஸ்கேலையும் அள்ளி உள்ளே போட்டாள். பிளேடின் ஸ்கேலையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அதைத் திரும்ப எடுத்து வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இதெல்லாம் சரிப்படாது. வீட்டுல சொன்னாங்க. நான் போயிடறேன்."

ஆந்தை இத்தனை நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த படம் இதுதான். படத்தில் அக்கா இப்படி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

பிளேடு ஆந்தையைத்தான் பார்த்தாள். "நீ எப்பப் பார்த்த?"

ஆந்தை நிலத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தாள்.

"ஒட்டுறதுக்கு முன்னாடியா?"

ஆந்தை தலையை ஆட்டினாள். "முந்தாநாளே. அக்கா ஒண்ணும் போக வேணாம். தெரியாம செஞ்சது அவங்க. தெரிஞ்சு சும்மா இருந்தது நான்."

பிளேடு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்டி வெட்டித் தடித்துப்போயிருந்த வலது கட்டைவிரலை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து புது அட்டைகளை எடுத்துவந்தாள். அக்காவின் கையிலிருந்த ஸ்கேலை மெதுவாக விடுவித்தாள். "தாள ஒட்டுங்க அக்கா. கோடு மேல இருக்கட்டும்." கத்தியை எடுத்தாள். அதை ஆந்தையின் முன்னால் வைத்தாள்.

"நீ வெட்டு. எனக்குக் கை போச்சு."

"நான் வெட்டினா கோணும்டி."

"கோணட்டும்."

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவைப் பூட்டியதும் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு பிளேடின் அறைக்குப் போனார்கள். பொழுது விடிந்ததும் திரும்ப வந்தார்கள். ஆந்தையின் சொந்த மாடல் ஜன்னல் மேசையில் பாதியில் கிடந்தது. சார் வந்து அதையும் பார்த்தார், இவர்களையும் பார்த்துவிட்டுப் போனார். பேச்சு என்று அதிகம் இருக்கவில்லை. "இந்தா", "அடுத்தது", "கொஞ்சம் நகரு". ஆந்தை வெட்டிய முதல் அடுக்குகளின் ஓரம் எலி கடித்ததுபோல் இருந்தது. பிளேடு அதைப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். சிரிப்பா என்று சொல்ல முடியாது. போகப்போக ஆந்தையின் கை படிந்தது. கத்தியை அழுத்தக் கூடாது, அதன் எடையிலேயே போக விட வேண்டும், முடியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மத்தியானம் தாண்டியிருக்கும். அடுத்த தாளுக்காகக் கையை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அக்கா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிளேடு தூங்கியிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, நெற்றியை மேசையில் முட்டவைத்து, தடித்த கட்டைவிரலை மறு கைக்குள் வைத்துக்கொண்டு. இத்தனை வருடத்தில் அவளை ஸ்டூடியோவில் யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

ஆந்தை அதையே பார்த்தாள். முதலில் வந்தது பழைய எரிச்சல்தான். இவ்வளவு சுலபமா? நான் படுத்துப் புரண்டு கெஞ்சிக் கூப்பிட்டாலும் வராதது இவளிடம் நெற்றியைச் சாய்த்ததும் வந்துவிடுகிறதா? அவளுக்கு உடனே பிளேடாகவே மாறிவிட வேண்டும்போல் இருந்தது. அந்த நெற்றிக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிளேடின் தோள் லேசாக அசைந்தது. ஆந்தை சட்டென்று கத்தியை இழுத்தாள். மூச்சு. டக். தோள் அடங்கியது.

அக்கா கடைசித் தாளை ஒட்டிய அட்டையை முன்னால் நகர்த்தினாள். ஆந்தை அதை வெட்டினாள். வளைவுகளில் மெதுவாக, ஓடை வரும் இடத்தில் இன்னும் மெதுவாக. மேற்கே. முடிந்தது. இனி வெட்ட எதுவும் இல்லை. அக்கா பசை டப்பாவை எடுத்துக்கொண்டு அடுக்குகளோடு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தடவ ஆரம்பித்தாள். பசை சத்தம் போடாது.

ஆந்தை கீழே குனிந்து ஒரு கழிவு அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஸ்கேலை வைத்தாள். முதல் பட்டை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு சார் உள்ளே வந்தார். "நாளைக்கு ஜூரி. உன் மாடல் அங்க பாதியில கிடக்கு, நீ இங்க என்னம்மா குப்பைய வெட்டிட்டு..."

"ஷ்ஷ்" என்றாள் ஆந்தை. கையை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைத்தாள். "தூங்குறா சார்."

சார் பிளேடைப் பார்த்தார். பிறகு செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனார்.